புஷ்பராணி நட்ட கோரை

கோரையைப் பிடுங்கிய யாழ்ப்பாணத்து ஆட்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அதை நட்டு, தண்ணீர் ஊற்றி, பிழைக்குமா பிழைக்காதா என்று ஒரு வருடம் கவலைப்பட்டவர் ஒருவரைத்தான் தெரியும். அவர் புஷ்பராணி அக்கா. ஜெர்மனியில், ஹம் நகரத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு ஜெர்மன் விதவையின் வீட்டு மேல்மாடியில் கணவரோடும் மகளோடும் குடியிருந்தார். அவருக்கு ஜெர்மன் வராது. வீட்டுக்காரிக்குத் தமிழ் வராது. இருவருக்கும் நடுவில் பேச ஆள் வேண்டியிருந்ததால் அந்த வீட்டுக்கு நான் அடிக்கடி போய்வந்தேன். அப்போது அங்கே ஜெர்மன் பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் 1985இல் கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, ரயிலில் மேற்குப் பக்கம் வந்து, அகதி விண்ணப்பம் கொடுத்து, அங்கிருந்து ஹம்முக்கு அனுப்பப்பட்டவர்கள். ஹம்மில் முதலில் இருந்தது ஹைம் என்று எல்லோரும் சொல்லும் அகதிகள் விடுதியில். பழைய பள்ளிக்கூடக் கட்டடம். ஒரு வகுப்பறையைப் போர்வைகளால் மறித்து இரண்டு குடும்பங்கள் இருந்தன. சுவரெல்லாம் பூஞ்சணம். மகள் வத்சலாவுக்கு நாலு வயது. ஊரில் சளி பிடித்தால்கூட இரண்டு நாளில் ஓடி விளையாடிய பிள்ளைக்கு அந்த அறையில் இழுப்பு வந்தது. படுத்தால் மூச்சு எடுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். தாய் அவளைத் தன் நெஞ்சில் சாய்த்து, சுவரில் முதுகை வைத்தபடி உட்கார்ந்தே தூங்கினார்.

தேவாலயத்துப் பெண்கள் பழைய உடுப்புகள் கொடுக்க ஒருநாள் ஹைமுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் திருமதி ஹொல்ஷர். அதிகம் பேசமாட்டார். உடுப்பைக் கொடுத்துவிட்டுப் போகும்போது பிள்ளையின் மூச்சுச் சத்தம் கேட்டு வாசலில் நின்றார். கொஞ்ச நேரம் கேட்டபடி நின்றார். அடுத்த வாரம் சமூக உதவி அலுவலகத்துக்குத் தானே போய், என் வீட்டு மேல்மாடி காலியாகத்தான் கிடக்கிறது, இந்தக் குடும்பத்துக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. ஐப்பசியில் குடிபோனார்கள். கார்த்திகை முடிவதற்குள் வத்சலா படுத்துத் தூங்கத் தொடங்கினாள்.

அந்த வீட்டைத் திருமதி ஹொல்ஷரின் கணவர் ஹைன்ரிஷ் கட்டியிருந்தார். ரயில்வேயில் வேலை செய்தவர். முந்தின வருடம்தான் இறந்திருந்தார். வீட்டின் முன்புறம் வெயில் படும் பக்கம். ரோஜா, தக்காளி, பீன்ஸ் கொடி. பின்புறம் வடக்குப் பக்கம். நிலம் அங்கே கொஞ்சம் மேடாக எழும்பிப் போகும். இரண்டு ஆல்டர் மரமும் ஒரு ஹேசல் புதரும் நிழல் விழுத்தும். மழை பெய்தால் மேட்டிலிருந்து தண்ணீர் வீட்டை நோக்கி இறங்கும். சுவரில் போய் மோதாமல் அதைத் தடுக்க ஹைன்ரிஷ் முழங்கால் உயரத்தில் ஒரு மண்வரம்பு போட்டு, தண்ணீரைப் பக்கத்து வாய்க்காலுக்குத் திருப்பியிருந்தார். வரம்பு முழுக்க ஒரு புல் வளர்ந்திருந்தது. வளைந்து தொங்கும் நல்ல பச்சை இலை. மெல்லிய காம்பில் ஊசலாடும் கதிர்.

அது புல் அல்ல. கோரை இனம். ஜெர்மன்காரர் அதைக் காட்டுக் கோரை என்று பொருள்படும் பெயரில் அழைக்கிறார்கள். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

1986 ஆனி மாதம் திருமதி ஹொல்ஷர் மூட்டு வலிக்காக, கூர் என்று இங்கே சொல்லும் மருத்துவ ஓய்வுக்கு, சில வாரங்கள் வெளியூர் போனார். போகும்போது, தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும் என்று மேலே சொல்லும்படி என்னைக் கேட்டுக்கொண்டார். சொன்னேன். புஷ்பராணி அக்காவுக்கு அது போதவில்லை. பிள்ளைக்கு மூச்சு வந்தது இந்த மனுசியால். அவர் திரும்பி வரும்போது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது செய்து வைக்க வேண்டும் என்று நினைத்தார். முன் தோட்டத்தில் களை எடுத்தார். பாதையைக் கூட்டினார். பிறகு பின்பக்கம் வந்தார்.

அவர் நீர்வேலியில் வெங்காயத் தோட்டக்காரரின் மகள். வெங்காயப் பாத்திக்குக் கோரை எவ்வளவு பெரிய எதிரி என்று தோட்டம் செய்கிற குடும்பத்தில் பிறந்த யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மேலே பிடுங்கினால் கீழே கிழங்கு இருக்கும். ஒரு கிழங்கு தப்பினால் அடுத்த மாதம் பாத்தி முழுவதும் அதுவே. வரம்பில் நின்ற அந்தச் செடியின் தண்டை விரலுக்கிடையில் வைத்து உருட்டிப் பார்த்தார். மூன்று விளிம்பு இருந்தது. கோரை என்று அவர் முடிவுசெய்ய வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. இத்தனை அழகான வீட்டில், வயதான மனுசி குனிந்து பிடுங்க ஏலாமல் விட்டுவிட்டார் என்றே எண்ணினார்.

ஒவ்வொரு தூராகப் பிடுங்கினார். கீழே கிழங்கு இல்லை. இல்லாமல் இருக்காதே என்று இன்னும் ஆழமாகத் தோண்டினார். அங்கேயும் இல்லை, வேர்தான் கற்றை கற்றையாக வந்தது. கிழங்கு இன்னும் அடியில் போய்விட்டது என்று நினைத்து வரம்பை அடிவரை கிளறிவிட்டார். பிடுங்கியதெல்லாவற்றையும் உதறி, மண் இல்லாமல், முன்பக்கத்துச் சீமெந்துத் தரையில் வெயிலில் பரப்பிக் காயவைத்தார். காய்ந்து சருகானதும் குப்பைத்தொட்டியில் போட்டார். ஊரில் அப்படித்தான் செய்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, ஹைமில் பழக்கமான சில்வெஸ்டர் அண்ணை அங்கிருந்து பார்க்க வந்தார். வெறும் மண்ணாகக் கிடந்த வரம்பைச் சுற்றி நடந்துவிட்டு, "இப்பதான் பிள்ளை இது ஒரு வளவு மாதிரி இருக்கு" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

திருமதி ஹொல்ஷர் திரும்பி வந்த அன்று, பெட்டியைக் கூட உள்ளே வைக்காமல் வீட்டைச் சுற்றி வந்தார். முன் தோட்டத்தைப் பார்த்து நன்றி சொன்னார். பின்பக்கம் போனார். போனவர் திரும்ப வரவில்லை. புஷ்பராணி அக்கா மேலே ஜன்னலிலிருந்து பார்த்தார். மனுசி வரம்புக்குப் பக்கத்தில் கைப்பையைப் பிடித்தபடி நின்றார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு ஆள் அனுப்பினார்கள். நான் போய்க் கேட்டபோது திருமதி ஹொல்ஷர் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை. அவை ஹைன்ரிஷ் காட்டிலிருந்து கொண்டுவந்து வைத்தவை, அவற்றின் வேர்தான் வரம்பைப் பிடித்திருந்தது, அந்த நிழலில் வேறு எதுவும் நிற்காது என்று அவர் பலதும் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தது என்றார். அவ்வளவுதான். நான் அதை மேலே போய்ச் சொன்னேன். புஷ்பராணி அக்கா சமைத்துக்கொண்டிருந்தார். அடுப்பை அணைத்தார்.

ஒரு வாரத்தில் இடிமழை வந்தது. கிளறிய மண் ஒரே இரவில் கரைந்து சுவரோரம் சரிந்தது. காலையில் கெல்லர் என்கிற நிலவறைக்குள் சேற்றுத் தண்ணீர் நின்றது. உருளைக்கிழங்குப் பெட்டி, பழப்பாகுப் போத்தல்கள், ஹைன்ரிஷின் மரவேலைப் பலகைகள் எல்லாம் நனைந்தன. டோர்ட்முண்டிலிருந்து மகன் யுர்கன் வந்தார். முப்பது வயது இருக்கும். சத்தம் போடுகிறவர் அல்ல. அப்பா பல வருடம் செய்ததை இவர்கள் சில வாரத்தில் முடித்துவிட்டார்கள் என்று தாயிடம் சொன்னார். அவருடைய யோசனை தெளிவானது. ஐப்பசியில் ஒப்பந்தம் முடிகிறது. இவர்கள் ஹைமுக்குத் திரும்பிப் போகட்டும். மேல்மாடிக்கு அவரே வருவார். பின்பக்கம் முழுவதும் கொங்கிரீட் போட்டுக் கார் நிறுத்த இடம் செய்வார்.

மேலே அவர்கள் வீட்டில் அன்று சண்டை. கணவர் சிறீதரன் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். வேலை செய்ய அனுமதி இல்லாத காலம் அது. நகரசபை தரும் சில்லறை வேலையாகக் கல்லறைத் தோட்டத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தார். வரம்பு முன்பே பழுதாகத்தான் இருந்தது, மழை பெரிய மழை என்று சொல்லுவோம் என்றார்.

"மழை வந்தது ஓம். வரம்பை வெட்டினது நான்" என்றார் புஷ்பராணி அக்கா.

"அதைச் சொன்னா ஹைமுக்குத்தான் போகோணும். பிள்ளையை யோசிச்சனீரோ?"

"யோசிச்சுத்தான் சொல்லுறன். பொய் சொல்லிப்போட்டு இந்த வீட்டிலை எப்பிடி இருக்கிறது? படியிலை மனுசியைக் காணேக்கை எந்த மூஞ்சையோடை காணுறது?"

என்னைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினார். யுர்கனும் அங்கே இருந்தார். புஷ்பராணி அக்கா கையைப் பிசையவில்லை, அழவில்லை. தான் எதை எதுவென்று நினைத்தார் என்பதை முதலிலிருந்து சொன்னார். எங்கள் ஊரில் அந்தச் செடி பயிரை அழிக்கும், அதனால் பிடுங்கினேன், கிழங்கைத் தேடித் தோண்டினேன், கிழங்கு இல்லை என்று கண்டபோதே நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. பிறகு என்னிடம் திரும்பினார்.

"நான் திரும்ப வைச்சுத் தாறன் எண்டு சொல்லு. எப்பிடி வைக்கிறதெண்டு எனக்குத் தெரியாது, அதையும் சொல்லு."

நான் இரண்டையும் சொன்னேன். யுர்கன் சிரித்தார், கெட்ட சிரிப்பு அல்ல, நம்பாத சிரிப்பு. திருமதி ஹொல்ஷர் நீண்ட நேரம் மேசைத் துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டுவதாகச் சொன்னார். அடுத்த இலையுதிர்கால மழைக்கு வரம்பு நின்றால் அவர்கள் இருக்கலாம். நிற்காவிட்டால் யுர்கன் சொன்னபடி நடக்கட்டும்.

இப்படி அந்தக் குடும்பத்தின் வீடு ஒரு கோரைச் செடியின் கையில் போயிற்று.

முதலில் செடி கிடைக்கவில்லை. நகரத்தின் பெரிய நாற்றுப் பண்ணைக்கு நானும் புஷ்பராணி அக்காவும் போனோம். பண்ணைக்காரர் நான் சொன்ன பெயரைக் கேட்டு, அதை யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள், அது காட்டில் தானாகவே வளரும் என்றார். காட்டில் சும்மா தோண்டி எடுக்கலாமா என்று கேட்டேன். கூடாது, காட்டுக்கு உடையவர் இருப்பார், அவரைக் கேட்க வேண்டும் என்றார். திருமதி ஹொல்ஷரிடம் விசாரித்து, ஹைன்ரிஷ் முன்பு எடுத்த காட்டின் சொந்தக்காரரைக் கண்டுபிடித்தோம். நகரத்துக்கு வெளியே பண்ணை வைத்திருக்கும் கிழவர். மரம் ஏற்றும் வண்டிப் பாதையை அகலமாக்கப் போவதாகவும், பாதையோரத்துக் கோரையெல்லாம் எப்படியும் நசுங்கும் என்பதால் வேண்டியதை எடுத்துக்கொள்ளும்படியும் சொன்னார். ஹைமில் இருந்தபோது வத்சலாவுக்கென்று யாரோ கொடுத்த தள்ளுவண்டியில் ஈரச் சாக்குகளில் சுற்றி, அந்த ஐப்பசியில் சிறீதரனும் மனைவியும் செடிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வீதியில் போனவர்கள் வண்டிக்குள் குனிந்து பிள்ளையைத் தேடினார்கள்.

இரண்டாவது பிழை அதற்குப் பிறகு வந்தது. வரம்பை மறுபடி கட்டியபின், அவருக்குத் தெரிந்த முறையில், வெங்காயம் நடுகிற மாதிரி நட்டார். நேரான வரிசை. வரிசைக்கு நடுவே தண்ணீர் நிற்கிற மாதிரிச் சின்ன வாய்க்கால். காட்டுச் சொந்தக்காரக் கிழவரிடம் வாங்கிய மாட்டெரு. தூரின் கழுத்து மூடுகிறவரை மண். பார்க்க வடிவாக இருந்தது. சில்வெஸ்டர் அண்ணை வந்தார். வரிசையாக நிற்பது என்ன என்று கேட்டு, கோரை என்று அறிந்ததும் குனிந்து ஒரு தூரைத் தொட்டுப் பார்த்தார்.

"பிள்ளை, நான் பிறந்த நாள் முதலா கோரை பிடுங்கின ஆக்களைத்தான் கண்டனான். என்ன, பாய் பின்னி விக்கப் போறியோ?"

"ஓம் அண்ணை. முதல் பாய் உங்களுக்குத்தான். ஹைமிலை விரிச்சுப் படுங்கோ."

"பாயிலை படுத்தா முதுகு பிடிக்கும். ஜெர்மன்காரன் தந்த கட்டில் இருக்கு எனக்கு."

ஹம்மில் இருந்த எங்கள் ஆட்களிடையே அது கதையாகப் பரவியது. கோயில் இல்லாத காலம். யாரோ ஒருவர் வீட்டில் வெள்ளிக்கிழமைப் பூசைக்குக் கூடும்போதெல்லாம், கோரை எப்படி, பூத்துவிட்டதா என்று கேட்டார்கள். அவர் கோபிக்கவில்லை. கேட்டவர்களுக்கு நேரடியாகப் பதில் சொன்னார். சுகமில்லாத பிள்ளையைப் பற்றிக் கேட்டால் எப்படிச் சொல்வாரோ அப்படி.

வசந்தத்தில் பனி உருகியபோது பாதிக்கு மேல் செத்திருந்தது. வாய்க்காலில் தண்ணீர் குளிர்காலம் முழுக்க நின்று தூரை அழுகவைத்திருந்தது. ஆழமாக மூடியவையும் அழுகின. எரு அதிகம் விழுந்த இடத்தில் பெயர் தெரியாத வேறு களைகள் உற்சாகமாக எழும்பின. சிறீதரன் ஹைமுக்குப் போவதற்கு இப்போதே மனதைப் பழக்கிக்கொள்வது நல்லது என்றார். புஷ்பராணி அக்கா செத்த தூர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வெட்டிப் பார்த்தார். உயிரோடு இருந்தவற்றையும் பார்த்தார். உயிரோடு இருந்தவை வரிசை தவறிச் சரிவில் நட்டவை, ஹேசல் புதரின் அடியில் சருகு மூடியவை.

அதன் பிறகு அவர் செய்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தோட்டத்தில் எதையும் தொடாமல், பல நாள் பின்னேரங்களில் பஸ் ஏறி அந்தக் காட்டுக்குப் போனார். ஒன்றும் எடுக்கவில்லை. பாதையோரம் குந்தியிருந்து பார்த்தார். பாதி நிழல் விழுகிற இடத்தில் இலை கரும்பச்சையாக இருக்கிறது; மரம் தறித்து வெயில் அடிக்கிற இடத்தில் மஞ்சளாகிவிடுகிறது. மண் எப்போதும் ஈரம், ஆனால் தண்ணீர் தேங்கிய வண்டித்தடத்துக்குள் ஒன்றும் இல்லை, தடத்தின் விளிம்பில்தான் நிற்கிறது. தூர் மண்ணுக்கு மேலே தெரிகிறது. சுற்றிப் போன வருடத்து இலைச்சருகு. எரு யாரும் போடவில்லை. இதை அவர் வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்வார். நான் திருமதி ஹொல்ஷருக்குச் சொல்வேன். அவர் தலையாட்டுவார், அல்லது ஹைன்ரிஷ் இன்னது செய்தார் என்று ஒரு வார்த்தை சேர்ப்பார். குளிர்காலக் கடைசியில் காய்ந்த இலையை மட்டும் கையால் கோதி எடுப்பார், அடியோடு வெட்டமாட்டார் என்பது அப்படிக் கிடைத்ததுதான்.

சித்திரையில் மறுபடி நட்டார். இந்த முறை வாய்க்காலும் இல்லை, வரிசையும் இல்லை. பிழைத்த பெரிய தூர்களைக் கத்தியால் பிளந்து, ஒவ்வொரு துண்டிலும் வேரும் குருத்தும் இருக்கிறதா என்று பார்த்து, ஒன்றரைச் சாண் இடைவெளியில், சரிவின் குறுக்கே முன்னும் பின்னுமாக வைத்தார். தண்ணீர் நேராக ஓட வழி கிடைக்கக் கூடாது. தூரின் கழுத்து வெளியே தெரிய விட்டு, மண்ணைக் கையால் அழுத்தினார். சிறீதரன் கல்லறைத் தோட்டத்து மேற்பார்வையாளரைக் கேட்டு, மக்கிய இலைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். அதைச் செடிகளுக்கு நடுவே பரப்பினார்கள். மழை பெய்யாத வாரங்களில் புஷ்பராணி அக்கா காலையில் வாளியோடு இறங்கி, இலைச்சருகை விலக்கி விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினார். வெங்காயத்துக்கு ஊற்றுகிற கைக்கு அது கஷ்டமாக இருந்தது என்று சொன்னார். ஊற்றாமல் இருப்பதைத்தான் கனகாலம் பழக வேண்டியிருந்ததாம்.

ஆனியில் ஒருநாள் அவர் வரம்பருகில் குந்தியிருக்கக் கண்டேன். சருகுக்கு நடுவே மயிர்போல மெல்லிய பச்சைகள் முளைத்திருந்தன. பழைய கோரை உதிர்த்த விதையாக இருக்க வேண்டும். பக்கத்திலேயே சாதாரணப் புல்லும் முளைத்திருந்தது. பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான். அவர் ஒவ்வொன்றாக அடியில் விரலால் தொட்டு, தட்டையாக இருந்ததைப் பிடுங்கி, மூன்று விளிம்பு தட்டியதை விட்டார். நடுவில் நிறுத்தி விரலைத் துடைத்துக்கொண்டார்.

"கை தானாப் பிடுங்கப் போகுதடி" என்றார். "பிடிச்சு வைக்கிறதுதான் வேலை."

திருமதி ஹொல்ஷர் அந்தக் கோடையில் பின்பக்கத்துக்கு ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார். அவரே உட்கார என்று முதலில் நினைத்தேன். புஷ்பராணி அக்கா குந்தியிருப்பதைக் காண அவருக்கு முழங்கால் வலித்ததாம். புஷ்பராணி அக்கா ஒருநாளும் அதில் உட்காரவில்லை. வத்சலாதான் உட்கார்ந்தாள்.

யுர்கன் மாதத்துக்கு ஒருமுறை வருவார். வரும்போது அளவுநாடா கொண்டுவருவார். புரட்டாதியில் வந்து சுவரிலிருந்து மேடு வரை அளந்து எழுதிக்கொண்டார். புஷ்பராணி அக்கா அவர் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தார். செடியை மிதிக்காமல் நிற்கும்படி மட்டும் கையால் காட்டினார். அவரும் தள்ளி நின்றார்.

1987 இலையுதிர்காலத்தில் மழை தாமதமாக வந்து, வந்தபின் விடவில்லை. பகலும் இரவும் ஒரே தூறல், நடுநடுவே கொட்டல். வாய்க்கால் நிரம்பியது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ யுர்கன் வந்தார், கெல்லரைப் பார்க்க வேண்டும் என்றார். எல்லோருமாக இறங்கினோம். திருமதி ஹொல்ஷர் விளக்கைப் போட்டுவிட்டு, சுவரோரமாக நடந்து, உள்ளங்கையைச் சுவரில் வைத்து வைத்துப் போனார். பாதிச் சுவர், முக்கால் சுவர். கை காய்ந்தே இருந்தது. கடைசி மூலையில் நின்றார். அங்கே சுவர் நனைந்து, தரையில் ஒரு தட்டு அகலத்துக்கு ஈரம் படர்ந்திருந்தது.

யுர்கன் அதைப் பார்த்தார். தாயைப் பார்த்தார். 

சிறீதரன் என் காதருகே, அது குழாய்த் தண்ணீராக இருக்கலாம் என்று சொல்லும்படி கெஞ்சினார். புஷ்பராணி அக்காவுக்கு அது கேட்டுவிட்டது.

"இல்லை. அந்த மூலைக்கு மேலை பள்ளம். அதிலை வைச்சது மூண்டுதரம் செத்துப்போச்சு. நான் மனுசிக்குச் சொல்லேல்லை, நாலாந்தரம் வைச்சுப் பாப்பம் எண்டு இருந்தனான். அதைச் சொல்லு."

எனக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை. ஐப்பசி முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. வத்சலா படியில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தயங்குவதைக் கண்டு புஷ்பராணி அக்கா தானே முன்னால் போனார். ஈரத்தைச் சுட்டிக்காட்டி, பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, தெரிந்த இரண்டு மூன்று ஜெர்மன் சொற்களில், "செடி செத்தது. நான்" என்றார். அதன் பிறகு நான் மீதியையும் சொன்னேன்.

திருமதி ஹொல்ஷர் கையைப் பாவாடையில் துடைத்தார்.

"அந்த மூலை உன் அப்பா இருந்த காலத்திலும் ஈரமாகத்தான் இருந்தது, யுர்கன்" என்றார். "இருபது வருடம் அவர் அதில் என்னவெல்லாமோ நட்டுப் பார்த்தார். எதுவும் நிற்கவில்லை. வாளி வைப்போம்."

யுர்கன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேல்மாடியைப் பற்றித்தான் இருக்க வேண்டும். தாய் அவர் கையைத் தட்டிக்கொடுத்து, இவர்கள் இங்கேயே இருக்கிறார்கள், நீ கார் நிறுத்த முன்பக்கத்தில் இடம் பார்க்கலாம் என்றார். அவருக்கு அதில் சந்தோஷமில்லை. ஆனால் வெளியே வந்ததும் மழையிலேயே பின்பக்கம் போய் வரம்பருகில் நின்றார். மேட்டிலிருந்து வந்த தண்ணீர் தூர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து, வேகம் குறைந்து, கலங்கலும் குறைந்து, வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. தண்ணீரில் சாய்ந்த இலைகள் சாய்ந்தபடியே நின்றன. அவர் காலணி முனையால் ஒரு தூரை லேசாகத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. காரில் ஏறிப் போனார்.

புஷ்பராணி அக்காவைப் பொறுமையான பெண் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் போதாது. பொறுமை உள்ளவர்கள் எத்தனையோ பேர் ஹைமில் இருந்தார்கள். அங்கே வேறு என்ன செய்ய முடியும். தனக்குத் தெரியும் என்று இருந்த ஒன்றைத் தெரியாது என்று வைத்துவிட்டு, காட்டுப் பாதையோரம் போய்க் குந்தியிருக்க அவரால் முடிந்தது. தன் பிழையைச் சொன்னால் வீடு போகும் என்று தெரிந்த இரண்டு தடவையும் சொன்னார். இரண்டாம் தடவை சொல்லாமலே விட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

அவர்களுடைய அகதி விண்ணப்பத்துக்கு அப்போதும் முடிவு வரவில்லை. அதற்குப் பிறகும் நெடுங்காலம் வரவில்லை. இந்த நாட்டில் அவர்களுக்கு உறுதியாக இருந்தது அந்த மேல்மாடி மட்டுந்தான்.

கெல்லரைப் பார்த்த அன்று பின்னேரம், தேநீர் குடித்துவிட்டுப் போகும்படி புஷ்பராணி அக்கா என்னை மறித்தார். அப்போதுதான் கவனித்தேன். குடிவந்து இரண்டு வருடமாகியும் அந்த அறைகளில் எந்தச் சுவரிலும் ஒரு ஆணி இல்லை. சாமிப்படம் ஜன்னல் கட்டையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வத்சலாவின் குளிர்ச்சட்டை கதிரை முதுகில் தொங்கியது. திரும்பக் கழற்ற வேண்டி வரலாம் என்று அவர் எதையும் அடிக்கவிடவில்லை என்றார் சிறீதரன். புஷ்பராணி அக்கா தேநீரை வைத்துவிட்டு, கீழே போய் ஒரு சுத்தியல் கேட்டு வரும்படி என்னிடம் சொன்னார்.

திருமதி ஹொல்ஷர் சுத்தியலைக் கொடுத்தனுப்பவில்லை. ஹைன்ரிஷின் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு தானே படியேறி வந்தார். சிறீதரன் ஆணியை வைத்த இடத்தைப் பார்த்துவிட்டு, அங்கே வேண்டாம், அதன் பின்னால் தண்ணீர்க் குழாய் போகிறது என்று கையை அசைத்தார். சுவரில் விரல் மடக்கித் தட்டித் தட்டிக் கேட்டபடி நகர்ந்து, ஜன்னலுக்கு வலப்பக்கம் ஓரிடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். புஷ்பராணி அக்கா ஆணியைப் பிடித்தார்.